மாமன் மடியில் ஈரம்

கல்யாண வீட்டில் ஓரத்து நாற்காலியைத் தேடி உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பந்தலுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்க்கிறவர்களுக்காகவும், பஸ் ஏற வேண்டிய நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் உதடு காய்ந்து நிற்கிறவர்களுக்காகவும்தான். நம் வயதில் இப்படி எத்தனை பேர் இருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். டீக்கடை பெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சட்டென்று எழுந்து போவார். மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்போம். அவர் திரும்பி வந்ததும் மழையைப் பற்றிப் பேசுவோம்.

நான் கூச்சக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வருகிற ஆவணியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மணவறையில் நிற்க வேண்டியவன். உடம்புக்குச் சரியில்லை, வரமுடியாது என்று சொல்லிவிடலாமா என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் பெரிய மாமா வந்து குறுக்கே நின்றார்.

பெரிய மாமா என் அம்மாவின் மூத்த அண்ணன். அம்மா கடைக்குட்டி என்பதால் அவளுக்கு அப்பா வயது இருக்கும் அவருக்கு. புளியங்குடியில் ஒரு கமிஷன் கடையில் எலுமிச்சம்பழம் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். மனைவி செத்துப்போன பிறகு, பிள்ளையும் இல்லாததால், தென்காசியில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம். சாரல் விழத் தொடங்கியிருந்தது. புளியங்குடி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியபோது ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் பித்தளைக் கூஜா. மூடி திருகிப் போடுகிற, மேலே கைப்பிடி வைத்த கூஜா. அப்போதெல்லாம் பிரயாணம் போகிறவர்கள் அதில் காப்பியோ பாலோ கொண்டுபோவார்கள்.

வந்த அன்று இரவு அவர் பாயில், அவரை ஒட்டி நான் படுத்தேன். விடிந்து பார்த்தால் பாய் ஈரம், என் டிராயரும் ஈரம். அம்மா வந்தாள், பார்த்தாள், என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"கழுதை வயசாச்சு. இன்னும் பாயில மோளுத."

மாமா எழுந்து உட்கார்ந்தார். "ஏட்டி, அவனை எதுக்கு அடிக்க? நான்தான்."

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மாமா தலைகுனியவில்லை. "ஒரு வருசமா இப்படித்தான் இருக்கு. தானா வருது, தானா போவுது. நம்மகிட்ட கேக்கதில்ல. மருமவன் மேல பழி போடாத."

அன்றிலிருந்து அந்த வேலை எனக்கு வந்தது. யாரும் ஒப்படைக்கவில்லை. அப்பா ரைஸ் மில் வேலைக்குப் போய்விடுவார். அம்மா இடுப்பில் தங்கச்சி இருப்பாள். மீதி இருந்தவன் நான். பழைய வேட்டியை அம்மா பட்டை பட்டையாகக் கிழித்து நாலாக மடித்துத் தைத்துக் கொடுத்தாள். மாமா அதைக் கோவணத்துக்குள் வைத்துக்கொள்வார். நனைந்ததை ஒரு ஓலைப்பெட்டியில் போட்டு, மேலே என் சட்டையை வைத்து மூடி, சிற்றாற்றுக்குக் கொண்டுபோவேன். ஆள் இல்லாத படித்துறையாகப் பார்த்து அலசுவேன். எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தால் வாடை போகும் என்பது மாமா சொன்ன உபாயம். இன்றைக்கும் எலுமிச்சம்பழத்தை நறுக்கினால் எனக்கு ஊறுகாய் ஞாபகம் வருவதில்லை. அந்த ஆற்றங்கரைதான் வருகிறது.

துவைப்பது பெரிதில்லை. காய்வதுதான் பெரிது. தென்காசிச் சாரல் உங்களுக்குத் தெரியும். மழை என்று சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. பொதிகைப் பக்கமிருந்து பொடிப்பொடியாகத் தூவிக்கொண்டே இருக்கும். கொடியில் போட்ட துணி போட்டபடி கிடக்கும். அம்மா அடுப்பு நெருப்பைச் சட்டியில் அள்ளி, மேலே பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் தங்கச்சியின் துணிகளை விரிப்பாள். கொஞ்சம் சாம்பிராணியும் போடுவாள். தங்கச்சியின் துணிக்கு அடியில், வெளியே தெரியாதபடி, மாமாவின் துணியும் காயும். யாராவது வரும் சத்தம் கேட்டால் மேல்துணியை இழுத்துவிடுவாள். வந்தவர்கள் கூடையைப் பார்த்து, "பிள்ளைத் துணியா? சாரல் வந்தா இந்தப் பாடுதான்" என்று சிரிப்பார்கள். அடியில் இருந்ததைப் பார்த்திருந்தால் சிரித்திருக்கமாட்டார்கள். இரண்டிலும் ஒரே வாடைதான் வந்தது. துவைத்தவன் சொல்கிறேன்.

கூஜாவும் அந்த வேலைக்கே வந்துசேர்ந்தது. எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லைக் கடைசியில், கிணற்றையும் தாண்டி. அவ்வளவு தூரம் போவதற்குள் மாமாவுக்குக் காரியம் முடிந்துவிடும். ஒருநாள் கூஜாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இனிமே இது எனக்குச் சொந்தம். யாரும் காப்பி ஊத்திராதிய" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். வெளியே போனால் நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். தெருப் பையன்கள், "ஏலே, கூஜா தூக்கி" என்று கூப்பிடுவார்கள். எனக்குக் காது சுடும். மாமா திரும்பி நின்று, "ஆமாலே, தூக்குதான். நீ வா, ஒரு கை பிடி" என்பார். ஒரு பயல் நிற்கமாட்டான்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை. தெரியாதவர். மாமா வீம்புக்காக எழுந்து போகாமல் இருக்கிறார் என்று முதலில் நினைத்தார். பிறகு சாரல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். விளக்கு வைத்த பிறகு மாமாவுக்குத் தண்ணீர் கிடையாது.

"உள்ள ஊத்துனாத்தானே மச்சான் வெளிய வரும். நான் உங்க நன்மைக்குத்தான் சொல்லுதேன்."

மாமா எழுந்தார். முற்றத்துப் பானையிலிருந்து செம்பில் மொண்டு, எல்லோரும் பார்க்க அண்ணாந்து மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ளே, நனையதுக்குப் பயந்து நான் காஞ்சு சாவ மாட்டேன்."

அப்பா அதற்குப் பிறகும் பானையைச் சமையலறைக்குள் தூக்கி வைத்துப் பார்த்தார். மாமா கிணற்றடிக்குப் போய் வாளியிலேயே குடித்தார். இப்போது எனக்கே இந்தச் சங்கடம் வந்த பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிகிறது. தண்ணீரைக் குறைத்தால் எரிச்சல்தான் கூடும், அடக்கும் சக்தியும் குறையும். வயதான ஆண்களுக்கு உள்ளே ஒரு சுரப்பி வீங்குவதால் வருகிறதாம். மாத்திரை இருக்கிறதாம். ஒரு பெரிய மனிதர் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவே சண்டை போட வேண்டியிருந்தது. அவர் செய்ததுதான் சரியாகவும் இருந்தது.

ஆடி பிறந்ததும் வீட்டில் தங்கச்சியின் காதுகுத்துப் பேச்சு வந்தது. ஆவணியில், இலஞ்சி முருகன் கோயிலில் வைத்து. எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மூத்த மாமன் இருந்தால் மூத்தவர் மடி. என் காதும் பெரிய மாமா மடியில்தான் குத்தியது. அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. மடியில் வைத்துக்கொள்ள அவருக்கு இருந்தது நாங்கள்தான். தங்கச்சிக்குச் சிவப்புக்கல் கம்மல் ஒரு ஜோடி முன்பே செய்து, தகரப் பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார். எனக்கு மட்டும் அடிக்கடி திறந்து காட்டுவார்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அடுத்த தெருவில் இருந்தாள். வீட்டுக்குள் வந்தால் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் பேசுவாள். அன்றும் அப்படித்தான் வந்தாள். மாமா கொல்லையில் இருந்தார். நான் கூடையருகே இருந்தேன்.

"ஏளா, சின்ன அண்ணனைச் சுரண்டையில இருந்து வரச் சொல்லிட்டியா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"வருவான் மதினி. சீர்த்தட்டு அவன்தான் தூக்குதான்."

"தட்டு மட்டும் இல்ல. மடியிலயும் அவனே வச்சுக்கிடட்டும். பெரியவருக்கு இருக்க நிலைமையில கோயிலுக்குள்ள, அத்தனை சனத்துக்கு முன்னால, பிள்ளையை எப்படி வைக்க? தீட்டுல்லா."

"மூத்தவரு இருக்கும்போது..."

"மூத்தவரு வீட்டைப் பாத்துக்கிடட்டும். ஒரு ஆளு வீட்டுலயும் வேணும்லா."

அப்பா, "அக்கா சொல்லுதது சரிதான்" என்றார்.  அம்மா கூடையின் மேல் இருந்த துணியைத் திருப்பிப் போட்டாள். அது காய்ந்துதான் இருந்தது.

கொல்லைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். மாமா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இரண்டு நாள் அவர் குரலே வீட்டில் எழவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து, "பெரியவர் ஊருக்குப் போயிட்டாரோ?" என்று விசாரித்தார்.

மூன்றாம் நாள் ஆற்றுக்கு என்னோடு அவரும் வந்தார். நான் துணி அலசுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏலே மருமவனே, மூத்திரம் நிக்கலன்னா மாமன் இல்லன்னு ஆயிருமாலே?"

 எனக்கு ஒரு யோசனை வந்தது. "மாமா, குத்தாலத்துல எல்லாரும் ஈரமாத்தானே இருப்பாவ?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது. காதுகுத்து அன்றைக்கு எல்லோரும் முதலில் குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் இலஞ்சிக்குப் போவதாக இருந்தது. அருவியில் குளித்த ஈர வேட்டியோடு சாமி முன்னால் இருப்பதாக நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. அதை யாரும் தவறாகச் சொல்லமாட்டார்கள். ஈர வேட்டிக்குள் எந்த ஈரம் எது என்று யாரால் பிரிக்க முடியும்?

அன்றிரவு சாப்பிடும்போது மாமாவின் குரல் திரும்பி வந்தது. அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி, பிள்ளைக்காக நான் ஒரு நேர்ச்சை நேர்ந்திருக்கேன். அருவியில குளிச்ச ஈரத்தோட பிள்ளையை மடியில வைக்கதா. சாமி காரியம். யாரும் தடுக்கப்பிடாது." சாமி காரியம் என்றதும் அப்பா சோற்றைப் பிசைவதில் கவனமாக இருந்தார்.

அந்த நாளைக்கு வருகிறேன். தென்காசியிலிருந்து இரண்டு குதிரை வண்டி. மாமாவும் நானும் கூஜாவும் பின்வண்டியில். குற்றாலம் போய் இறங்கியதும் ஒரு பாறை மறைவில் கூஜாவுக்கு வேலை வந்தது. முடிந்ததும் மூடியைத் திருகி மூடி, கூஜாவை ஓரமாக வைத்துவிட்டு நான் மாமாவின் துண்டை வாங்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் கூஜாவின் கைப்பிடி ஒரு குரங்கின் கையில் இருந்தது. தாய்க்குரங்கு. வயிற்றில் குட்டி தொங்கியது. பாறை உச்சியில் போய் உட்கார்ந்து மூடியை அழகாகத் திருகித் திறந்தது. உள்ளே மூக்கை விட்டது. அப்புறம் எங்களை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கூஜாவைத் தூக்கிக் கீழே எறிந்தது. பாறையில் அடித்து உருண்டு, ஓடுகிற தண்ணீரோடு போய்விட்டது.

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க்காரர், "அடடா, காப்பி பூராவும் போச்சே" என்று வருத்தப்பட்டார்.

"போவட்டும் அண்ணாச்சி. ஆறின காப்பிதான்" என்றார் மாமா.

பிறகு அருவிக்குள் போனோம். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மாமா தலையை நீட்டித் தண்ணீருக்கடியில் நின்றார். சுற்றிலும் எத்தனையோ பேர். பணக்காரர், கூலிக்காரர், தொப்பை வைத்தவர், எலும்பு தெரிகிறவர், எல்லோருக்கும் இடுப்புத்துணி உடம்போடு ஒட்டி, எல்லோரிடமிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது. மாமா என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார்.

"இங்கன எவன் மோண்டா எவனுக்குலே தெரியப் போவுது?"

எனக்குச் சிரிப்பில் புரையேறியது. அவரும் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் பயமில்லாமல் நின்று நான் பார்த்த இடம் அதுதான்.

இலஞ்சிக்குப் போய்ச் சேரும்போது வேட்டி சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நினைத்தபடி எல்லாம் நடந்தது. கோயில் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். தங்கச்சிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தது. மாமா போய் உட்காரக் குனிந்தார். அப்போது அத்தை வந்தாள்.

"பிள்ளைக்கு நேத்துல இருந்து மூக்கு ஒழுகுது. மொட்டை வேற அடிச்சாச்சு. ஈர மடியில வச்சு நெஞ்சுல சளி கட்டினா யாரு பாக்க? நேர்ச்சைக்கு ஈரத்தோட சாமி கும்பிட்டாச்சுல்லா, போதும். சின்னவனே, நீ வந்து இரு."

எங்கள் உபாயம் அத்தோடு உடைந்தது. அவள் சொன்னது நியாயமாகவும் இருந்ததுதான் மோசம். சின்ன மாமா நெளிந்தார். சபை முழுக்கப் பார்த்தது. என் கையில் கூஜாவும் இல்லை, துணிகள் இருந்த ஓலைப்பெட்டி வண்டியில் கிடந்தது. மாமா வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மாமா சின்ன மாமாவிடம் கையை நீட்டினார். "தம்பி, உன் பையில மாத்து வேட்டி இருக்கா?"

இருந்தது. கரை போட்ட புது வெள்ளை வேட்டி. மாமா தூணுக்குப் பின்னால் போய் அதைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு பட்டைத் துணிகூடக் கிடையாது. வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதா? நேராக வந்து ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் ஏலம் கூறுகிற குரலை எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எனக்கு மூத்திரம் நிக்காது. ஒரு வருசமா அப்படித்தான். இதுல ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல. நான் திருடல, பொய் சொல்லல. காது குத்துதவரைக்கும் நின்னாலும் நிக்கும், நிக்காமலும் போவும். ஆனா நான் இந்தப் பிள்ளைக்கு மூத்த மாமன். அது மாறாது. தங்கச்சி, பிள்ளையைக் கொண்டா."

 அத்தை முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, தங்கச்சியைப் பெரிய மாமா மடியில் உட்கார வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னால் நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அம்மா அவ்வளவு பேர் முன்னால் அப்பா சொல்லைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

ஆசாரி குத்தினார். தங்கச்சி வீறிட்டாள், உதைத்தாள். மாமாவின் கை ஆடவில்லை. இரண்டு காதிலும் சிவப்புக்கல் ஏறியதும் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

வேட்டியில் மடிப்பக்கம் பெரிதாக ஒரு ஈரம்.

எல்லோரும் பார்த்தார்கள். ஆசாரி நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே, "மருமவ மாமனுக்கு அபிசேகம் பண்ணிட்டா. நல்ல சகுனம்தான்" என்றார். சபையும் அப்பாடா என்று சிரித்தது. அத்தைகூட முந்தானையை இறக்கினாள். தங்கச்சியின் பாவாடையும் நனைந்துதான் இருந்தது. மாமா சும்மா இருந்திருந்தால் போதும். காரியம் சுபமாக முடிந்திருக்கும்.

அவர் சும்மா இருக்கவில்லை.

"எல்லாத்தையும் பிள்ளை தலையில கட்டாதீரும் ஆசாரி" என்றார். "பாதி என்னுது."

சிரிப்பு நின்றது. மாமா அத்தையின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார். தணித்தாலும் மண்டபத்துக்குக் கேட்டது.

"அவ பாதிக்குச் சிரிச்சிய. என் பாதிக்கு மூக்கைப் பொத்துதிய. வேட்டி இதுதான். எது அவ பாதி, எது என் பாதின்னு பிரிச்சுக் காட்டுங்க, நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

 முதலில் சிரித்தது அம்மாதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு சின்ன மாமா. பிறகு ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மாமா வேட்டியை மாற்றவில்லை. அப்படியே போய்ப் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்தார். ரசத்தை இரண்டு தடவை வாங்கினார். தண்ணீர் ஊற்ற வந்த பையனை நிறுத்தி, தம்ளர் நிரம்புகிறவரை ஊற்றச் சொன்னார். அப்பா எதிர்வரிசையில் குனிந்தபடியே சாப்பிட்டார். ஆனால் அன்று சாயங்காலம் பானை சமையலறையிலிருந்து முற்றத்துக்கு வந்துவிட்டது. யார் தூக்கி வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அது அம்மாவால் தூக்க முடியாத பானை. மறுநாள் அம்மா மாமாவின் துணிகளைக் கூடையின் மேல்பக்கம் விரித்தாள்.

மாமா அதற்குப் பிறகு மூன்று சாரல் பார்த்தார். கடைசிவரை தண்ணீரைக் குறைக்கவில்லை. கூஜா கிடைக்கவே இல்லை.

நேற்றுத் தங்கை போன் செய்தாள். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன்.  அவள் தயங்கித் தயங்கி, "அண்ணே, மண்டபத்துல பாத்ரூமுக்குப் பக்கமா, ஓரத்துல உனக்கு ஒரு சேர் போடச் சொல்லட்டுமா? சும்மா, உனக்கு வசதியா இருக்கும்னு" என்றாள். நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

எனக்குக் காது சுட்டது. கை தானாகக் காதுமடலுக்குப் போனது. மாமா மடியில் குத்திய ஓட்டை இப்போது தூர்ந்து ஒரு புள்ளியாக இருக்கிறது.

"நடுவுல போடச் சொல்லு" என்றேன். "பக்கத்துல ஒரு செம்புத் தண்ணியும் வையி."